38 லட்சம் கோடி பாக்டீரியாவும் ஒரு 9.2-உம்

கேள்வி: எனக்கு 41 வயது. நாமக்கல் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. போன ஆடி மாதம் காய்ச்சல் வந்தது. ரத்தப் பரிசோதனையில் டைபாய்டு என்று சொல்லி, அடுத்தடுத்து இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். அதிலிருந்து எட்டு மாதமாக வயிறு சரியில்லை. சாப்பிட்டதும் உப்புசம், தினமும் நான்கைந்து தடவை லூஸ் மோஷன். சில நாள் விடியற்காலை மூன்று மணிக்கே தூக்கம் கலைந்து எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. தம்பி சொன்னான் என்று ஆன்லைனில் 12,000 ரூபாய் கட்டி, மலத்தை அனுப்பிக் குடல் பாக்டீரியா டெஸ்ட் எடுத்தேன். 34 பக்க ரிப்போர்ட் வந்தது. ‘குடல் ஆரோக்கிய ஸ்கோர் 37/100’, ‘பாக்டீரியா வகைகள் குறைவு’, ‘ஃபர்மிக்யூட்ஸ் - பாக்டீராய்டீட்ஸ் விகிதம் மோசம்’, ‘சர்க்கரை நோய் அபாயம் அதிகம்’ எல்லாமே சிவப்பில் இருந்தன. ஆறு மாதத்துக்குப் புரோபயாடிக் காப்ஸ்யூலும் ஒரு பொடியும் எடுக்கச் சொல்லி மாதம் 2,800 ரூபாய் வாங்குகிறார்கள். பொடி ஆரம்பித்த பிறகு உப்புசம் கூடிவிட்டது. கேட்டால், ‘நல்ல பாக்டீரியா வேலை செய்கிறது, பொறுங்கள்’ என்கிறார்கள். அம்மா, ‘எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் பழைய சோறு சாப்பிடு’ என்கிறார். பள்ளியில் நடந்த முகாமில் ஹீமோகுளோபின் 9.2 என்றார்கள், எடையும் ஐந்து கிலோ குறைந்திருக்கிறது. இதற்கும் குடல் பாக்டீரியாதான் காரணமா? பத்து வயது மகனுக்கும் இந்த டெஸ்ட் எடுத்துவிடலாமா?

பதில்:

வணக்கம் டீச்சர்.

கடிதத்தில் முக்கால்வாசி அந்த 34 பக்கத்தைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். ஹீமோகுளோபின் 9.2, எடை ஐந்து கிலோ குறைவு என்பதெல்லாம் கடைசியில் போகிற போக்கில் வருகிறது. இருபத்தாறு வருடமாக வயிறு, குடல் நோய்களையே பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குக் கண் அங்கேதான் நின்றது. அதற்கு முன்னால் இன்னொரு வரி: விடியற்காலை தூக்கம் கலைந்து ஓடுகிறேன் என்று எழுதியிருப்பது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நாங்கள் அதை ‘கேஸ் தொந்தரவு’ என்று விடுவதில்லை. உங்கள் ரிப்போர்ட்டின் 34 பக்கத்திலும் இந்த மூன்றைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. இருக்கவும் முடியாது. மலத்தை அனுப்பச் சொன்னவர்கள் உங்களிடம் எடையைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் பிறகு நிதானமாகப் பேசலாம். இந்த வாரமே ஒரு குடல் மருத்துவரைப் பாருங்கள். சேலத்திலோ நாமக்கல்லிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம், பணம் பெரிதாகச் செலவாகாது. முழு ரத்த அணுக்கள், இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12, தைராய்டு, உடலில் அழற்சி இருக்கிறதா என்று சொல்லும் சி.ஆர்.பி. எல்லாம் பார்ப்பார்கள். மோஷன் டெஸ்டும் எடுப்பார்கள். பாக்டீரியா ஊர்வலத்தைப் படம் பிடிக்கிற டெஸ்ட் இல்லை, பழைய சாதாரண டெஸ்ட்தான். அத்துடன் மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். குடல் சுவரில் அழற்சி இருந்தால் அது ஏறியிருக்கும். பெரும்பாலும் பெருங்குடல் கேமரா டெஸ்டும் சொல்வார்கள். சொன்னால் தள்ளிப் போடாதீர்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் வயதில் ரத்தசோகைக்கு முதல் காரணம் மாதவிடாயில் அதிகம் போவதுதான், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆனால் நம் ஊரில் பல மாத வயிற்றுப்போக்கு, எடைக் குறைவு, ரத்தசோகை மூன்றும் ஒன்றாக வந்தால் குடல் காசநோய், குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இவற்றையெல்லாம் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் அடுத்த பேச்சு. டைபாய்டுக்கு உங்களுக்குக் கொடுத்த மருந்துச் சீட்டுகள் இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள். ஆஃப்லாக்சசின் வகை மருந்துகள் காசநோய்க் கிருமியையும் பாதி அடக்கி, நோயை மறைத்து வைத்துவிடும்.

சரி, இனி ரிப்போர்ட்டுக்கு வருவோம்.

முதலில் ஒன்று: குடல் பாக்டீரியா ஆராய்ச்சி ஏமாற்று வேலை இல்லை. கடந்த நாற்பது வருட மருத்துவத்தின் பெரிய திருப்பங்களில் சில அங்கிருந்துதான் வந்தன. உங்களிடம் விற்றவர்கள் செய்ததெல்லாம், அந்த ஆராய்ச்சி இன்னும் போய்ச் சேராத ஊருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்ததுதான்.

விளம்பரத் தாளில், ‘உங்கள் உடலில் மனித செல்லைவிடப் பத்து மடங்கு பாக்டீரியா, மொத்தம் இரண்டு கிலோ’ என்று போட்டிருப்பார்கள். நானும் பல வருடம் கூட்டங்களில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். 1970களில் யாரோ காகித ஓரத்தில் போட்ட கணக்கு அது. 2016-இல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் ரான் மைலோ குழுவினர் உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் போட்டார்கள். எழுபது கிலோ எடையுள்ள ஆணின் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா, 30 லட்சம் கோடி மனித செல். ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. எடை இருநூறு கிராம்தான் வருகிறது. இருநூறு கிராம் என்றாலும் லேசானதில்லை. நாம் செரிக்க முடியாமல் விட்ட நாரையும் மாவையும் பெருங்குடலில் நொதிக்க வைத்து, பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களாக்கித் தருவது அதுதான். பெருங்குடல் சுவரின் செல்கள் தங்களுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியை ரத்தத்திலிருந்து எடுப்பதில்லை, இந்த அமிலத்திலிருந்துதான் எடுக்கின்றன.

அந்தக் கூட்டத்தில் எந்த பாக்டீரியா எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது இன்று சுலபம். டி.என்.ஏ.வைப் படித்துவிடலாம், செலவும் குறைந்துவிட்டது. நோய்க்கு அது காரணமா, அல்லது நோய் வந்ததால் அது மாறியதா என்பதைச் சொல்வதுதான் கடினம். உங்கள் 34 பக்கமும் முதல் கேள்விக்கு விடை வைத்துக்கொண்டு இரண்டாவதற்கு மார்க் போட்டிருக்கிறது.

காரணம் என்று நிரூபிப்பது எப்படி இருக்கும் தெரியுமா? ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்று இரு மருத்துவர்கள். வயிற்றுப் புண்ணுக்குக் காரம், கவலை, அமிலம் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தபோது, புண் இருக்கிற இரைப்பையில் ஒரு சுருள் பாக்டீரியா இருக்கிறதே என்றார்கள். ‘இருந்தால் என்ன, புண் வந்த பிறகு அது வந்து குடியேறியிருக்கும்’ என்று சொல்லிவிட்டார்கள். நியாயமான கேள்விதான். 1984-இல் மார்ஷல் அந்த பாக்டீரியாவை வளர்த்துத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி. கேமரா விட்டுப் பார்த்தால் இரைப்பை முழுக்க அழற்சி. இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்த பாக்டீரியா இருந்தால் இரண்டு வாரம் மாத்திரை கொடுத்து அதை ஒழிக்கிறோம், புண்ணும் பெரும்பாலும் திரும்ப வருவதில்லை.

இன்னொன்று, ஆன்டிபயாடிக் சாப்பிட்ட உங்களுக்கு நெருக்கமான கதை. குடலின் பழைய குடித்தனக்காரர்களை ஆன்டிபயாடிக் காலி செய்துவிட்டால், கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற ஒரு பாக்டீரியா தலையெடுத்து, விஷத்தைக் கக்கி, தண்ணீராகப் போக வைக்கும். அதற்கும் ஆன்டிபயாடிக்தான் கொடுப்போம், சிலருக்கு நிறுத்தியதும் திரும்ப வரும். நெதர்லாந்தில் ஒரு குழு, ஆரோக்கியமானவரின் மலத்தைக் கரைத்து வடிகட்டி, மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலில் செலுத்தியது. (முகம் சுளிக்காதீர்கள் டீச்சர்.) 16 பேருக்குக் கொடுத்ததில் 13 பேருக்கு முதல் முறையிலேயே குணமாகிவிட்டது, மறுமுறை கொடுத்ததும் 15 பேர். வழக்கமான ஆன்டிபயாடிக்கான வான்கோமைசின் மட்டும் எடுத்த 13 பேரில் குணமானது 4 பேர். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு, 2013-இல் வெளியிட்டார்கள். காரணத்தை மாற்றினார்கள், நோய் போனது. நிரூபணம் என்றால் இதுதான். மோஷன் டெஸ்டில் இந்த பாக்டீரியாவின் விஷத்தைப் பார்க்கலாமா என்று உங்கள் மருத்துவரிடமும் கேளுங்கள். எட்டு மாதம் ஆகிவிட்டதால் வாய்ப்பு குறைவு, ஆனாலும் கேட்டுவிடலாம்.

இந்த மாதிரி நிரூபணம் உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள எந்தச் சிவப்புக் கட்டத்துக்கும் இல்லை. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

‘சர்க்கரை நோய் அபாயம் அதிகம்’. சர்க்கரை நோயாளிகளின் குடல் பாக்டீரியா வேறு மாதிரி இருக்கிறது என்று 2012-இல் சீனாவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது, 2013-இல் ஸ்வீடனிலிருந்து ஒன்று. இரண்டும் வெவ்வேறு பாக்டீரியாவைக் கைகாட்டின. 2015-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் டென்மார்க், ஸ்வீடன், சீனத் தகவல்களை ஒன்றாகப் போட்டு, யார் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று பிரித்துப் பார்த்தார்கள். சர்க்கரை நோயின் அடையாளம் என்று நினைத்ததில் பெரும்பகுதி மெட்ஃபார்மின் மாத்திரையின் அடையாளம். நோயைப் பிடித்ததாக நினைத்து மருந்துக் கடைப் பில்லைப் பிடித்திருக்கிறார்கள்! இத்தனைக்கும் இவர்கள் உலகத் தரமான விஞ்ஞானிகள். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் எச்.பி.ஏ.1.சி. என்ற ரத்தப் பரிசோதனை போதும். அதற்கு 12,000 ரூபாய் ஆகாது.

‘ஃபர்மிக்யூட்ஸ் - பாக்டீராய்டீட்ஸ் விகிதம்’. இது 2005, 2006 வாக்கில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜெஃப்ரி கார்டன் ஆய்வகத்திலிருந்து வந்தது. பருத்த எலியின் குடல் பாக்டீரியாவை, பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிக்குக் கொடுத்தால் அதற்குக் கொழுப்பு கூடியது. பிரமாதமான சோதனை. பருத்தவர்களிடம் ஃபர்மிக்யூட்ஸ் கூடுதல் என்றும் சொன்னார்கள், உலகம் அந்த விகிதத்தைப் பிடித்துக்கொண்டது. பிறகு பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது மனிதர்களில் அந்த விகிதத்துக்கும் உடல் பருமனுக்கும் உள்ள தொடர்பு மிகப் பலவீனமாகத்தான் இருந்தது. அத்துடன் இந்த இரண்டு பெயரும் இனப் பெயர் இல்லை, மாபெரும் தொகுதிகள். ‘முதுகெலும்பு உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை’ என்று எண்ணி ஒரு காடு நன்றாக இருக்கிறதா என்று சொல்வது போல. பத்தாம் வகுப்புப் பிள்ளையே சிரிக்கும்.

‘வகைகள் குறைவு’. இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. பெல்ஜியத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மலத்தை ஆராய்ந்து, பாக்டீரியா ஆளுக்கு ஆள் மாறுவதற்கு எது முக்கியக் காரணம் என்று பார்த்தார்கள். தனித்தனிக் காரணங்களாகப் பார்த்ததில் வயது, உணவு எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி முதலிடத்துக்கு வந்தது எது தெரியுமா? மலம் கெட்டியா, இளக்கமா என்பது. மலம் குடலில் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அதைப் பொறுத்து அங்கே வாழ்கிறவை மாறுகின்றன. இளக்கமாகப் போனால் வகைகள் குறையும். உங்களுக்கு நாளுக்கு ஐந்து தடவை லூஸ் மோஷன். அந்த மலத்தை எடுத்து அனுப்பி, வகைகள் குறைவாக இருக்கின்றன, அதனால்தான் லூஸ் மோஷன் என்று திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். மழையில் நனைந்தவரின் சட்டையைப் பார்த்துவிட்டு, சட்டை ஈரமாக இருப்பதால்தான் மழை பெய்கிறது என்றால் எப்படி?

37/100 என்ற ஸ்கோர் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. நாமக்கல்லில் சோறும் குழம்பும் சாப்பிடுகிற ஆரோக்கியமான பெண்ணுக்கு எது நார்மல் என்று அளவுகோல் இன்னும் யாரும் வகுக்கவில்லை. ஒரே மலத்தை இரண்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் இரண்டு விதமாக வருகிற நிலைமை இப்போதும் உண்டு. 2024 இறுதியில் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையே, மருத்துவர் சொல்லாமல் மக்கள் தாங்களாகவே இந்த டெஸ்டை எடுப்பதை ஊக்குவிக்க வேண்டாம் என்கிறது. உங்கள் மகனுக்கான பதிலும் இதிலேயே வந்துவிட்டது: வேண்டாம். அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றால், சளி பிடித்தவுடன் மெடிக்கலில் போய் அஞ்சு நாள் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காமல் இருங்கள்.

அடுத்தது காப்ஸ்யூல், அதாவது புரோபயாடிக் என்று விற்கிற உயிருள்ள பாக்டீரியா.

ஒரு காலத்தில் ஆன்டிபயாடிக் எழுதிய கையோடு புரோபயாடிக்கும் எழுதுவது என் வழக்கம். நிறைய மருத்துவர்களுக்கு இன்றும் அதுதான் வழக்கம். நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாது என்ற எண்ணம். 2018-இல் அதே வைஸ்மான் நிறுவனத்தில் எரான் எலினாவ், எரான் சேகல் குழுவினர் செய்த ஒரு சோதனையைப் படித்த பிறகு பேனாவைக் கொஞ்சம் கீழே வைத்தேன். 21 பேருக்கு ஒரு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பிறகு சிலரைச் சும்மா விட்டார்கள், சிலருக்குப் பதினொரு வகை பாக்டீரியா கொண்ட புரோபயாடிக், சிலருக்கு ஆன்டிபயாடிக் தொடங்குமுன் எடுத்து வைத்திருந்த அவர்களுடைய மலத்தையே திருப்பிக் கொடுத்தார்கள். சொந்த மலம் திரும்பியவர்களுக்குப் பழைய பாக்டீரியா சில நாளில் வந்துவிட்டது. சும்மா விட்டவர்களுக்கு மெல்ல வந்தது. புரோபயாடிக் எடுத்தவர்களுக்குத்தான் மிகத் தாமதம். ஐந்து மாதம் கழித்தும் முழுதாகத் திரும்பவில்லை. வாடகைக்கு வந்தவர்கள் வீட்டை அடைத்துக்கொள்ள, சொந்தக்காரர்கள் வாசலில் நின்றார்கள்.

21 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. இதை வைத்துப் புரோபயாடிக் எல்லாமே தீங்கு என்று நான் சொல்லவில்லை. சொன்னால் உங்களுக்கு விற்றவர்கள் செய்த அதே தப்பை நான் மறுபக்கம் செய்கிறவன் ஆவேன். ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பச்சைக் குழந்தைகளை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2017-இல் வெளியானது. பிறந்த சில நாளில் தொடங்கி ஒரு வாரம், லாக்டோபாசிலஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியாவில் குறிப்பிட்ட ஒரே ரகத்தை, அதற்குத் தீனியான சர்க்கரையோடு கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் ரத்தத்தில் நச்சு ஏறுவதும் இறப்பும் சேர்ந்து 9 சதவீதமாக இருந்தது 5.4 சதவீதமாகக் குறைந்தது. நம் நாட்டில் நடந்த இந்த ஆய்வை நான் வகுப்பில் தவறாமல் சொல்வேன். ஒரு ரகம், ஓர் அளவு, ஒரு வயது, ஒரு நோக்கம். அதைப் பார்த்துவிட்டு, டப்பாவில் ‘5,000 கோடி உயிருள்ள பாக்டீரியா’ என்று போட்டு நாற்பத்தொரு வயதுக்காரரின் உப்புசத்துக்கு விற்றால், அது வேறு சரக்கு. அமெரிக்கக் குடல் மருத்துவர்கள் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பெரும்பாலான வயிற்று நோய்களுக்குப் புரோபயாடிக்கைப் பரிந்துரைக்கப் போதுமான சான்று இல்லை என்றே சொல்லியது.

அப்புறம் அந்தப் பொடி. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், இனுலின் என்று இருக்கும், அல்லது ஃப்ரக்டோ ஒலிகோ சாக்கரைட் என்று நீளமாக ஏதோ இருக்கும். இரண்டும் பாக்டீரியாவுக்கான தீனி. அவை தின்றால் வாயு வரும், வந்துதான் ஆகும். குடல் ஏற்கனவே கூச்சம் கண்டிருக்கிறவர்களுக்கு உப்புசத்தைக் கூட்டும். இதில் ‘நல்ல பாக்டீரியா வேலை செய்கிறது’ என்பது ஒருவிதத்தில் உண்மைதான், ஆனால் அந்த வேலைக்கு உங்கள் வயிறு இப்போது தயாராக இல்லை. பொடியையும் காப்ஸ்யூலையும் இன்றே நிறுத்தலாம். நிறுத்தினால் ஒன்றும் ஆகாது.

டைபாய்டிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். வைடால் என்ற ஒரு ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்பதை வைத்துக்கொண்டு டைபாய்டு என்று சொல்வது நம் ஊரில் சர்வசாதாரணம். அது டைபாய்டா, வேறு காய்ச்சலா என்பது இனி தெரியப்போவதில்லை. ஆனால் குடலில் தொற்று வந்து போன பிறகு, தொற்று இல்லாமலே தொந்தரவு நீடிப்பது உண்டு. கனடாவில் வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000-ஆம் வருடம் மே மாதம் குடிநீரில் மாட்டுச் சாணத்துக் கிருமி கலந்து ஊரே வயிற்றுப்போக்கில் விழுந்தது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், அப்போது வயிற்றுப்போக்கு வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இன்னும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வராதவர்களில் பத்தில் ஒருவர்தான். எட்டு வருடத்தில் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாக இறங்கிவிட்டது. இதை நாங்கள் ஐ.பி.எஸ். என்போம். (‘என்ன சார், எனக்குப் போலீஸ் வேலையா கிடைச்சிருக்கு’ என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்.) உங்களுக்கு அதுவும் இருக்கலாம். ஆனால் ஐ.பி.எஸ். தூக்கத்திலிருந்து எழுப்பாது, ஹீமோகுளோபினைக் குறைக்காது. அதனால்தான் முதல் பத்தியிலேயே அவ்வளவு அவசரப்பட்டேன்.

நம் மண்ணில் இன்னொரு நோயும் உண்டு, டிராபிகல் ஸ்ப்ரூ. வயிற்றுப்போக்கு, மெலிவு, ரத்தசோகை எல்லாம் சேர்ந்தே வரும். 1960களில் வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் இது கொத்துக் கொத்தாக வந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் போன்றவர்கள் வருடக்கணக்கில் அதன் பின்னாலேயே அலைந்தார்கள். பாக்டீரியா குறைவாக இருக்க வேண்டிய சிறுகுடலில் அவை பெருகி உட்கார்ந்துவிடும், சத்து உள்ளே போகாது. வைத்தியம் ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும், அதாவது ஆன்டிபயாடிக்! உங்களுக்கு இதுவாக இருந்தால், பாக்டீரியாவைக் கூட்ட மாதம் 2,800 ரூபாய் கொடுத்திருப்பீர்கள், குறைக்க வேண்டிய இடத்தில். இப்போது இந்த நோய் அரிதாகிவிட்டது, ஆனாலும் உங்களைப் பார்க்கிற மருத்துவர் மனதில் ஒரு மூலையில் வைத்திருப்பார். சிறுகுடலிலிருந்து சின்னத் துண்டு எடுத்துப் பார்த்தால் துப்புக் கிடைக்கும்.

வேலூர் என்றதும் அம்மாவின் பழைய சோற்றுக்கு வருகிறேன்.

அம்மா சொன்னதில் விஷயம் இருக்கிறது. வடித்த சோறு ஆறும்போது அதிலுள்ள மாவில் ஒரு பங்கு இறுகி, நம் செரிமான நீருக்குப் பிடிபடாத மாவாகிறது. அது நேராகப் பெருங்குடல் போய் பாக்டீரியாவுக்குச் சாப்பாடாகிறது. இந்தப் பிடிபடாத மாவை வைத்து 2000-இல் வேலூரில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் ஓர் அழகான காரியம் செய்தார்கள். காலரா வந்த 48 பேர். சிலருக்கு வழக்கமான உப்பு சர்க்கரைக் கரைசல், சிலருக்கு அதில் அரிசி மாவு கலந்து, சிலருக்குப் பிடிபடாத மக்காச்சோள மாவு கலந்து. வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் போக்கு நிற்க சுமார் 91 மணி நேரம் ஆனது. பிடிபடாத மாவு குடித்தவர்களுக்கு 57 மணி நேரம். பாக்டீரியா அந்த மாவிலிருந்து செய்த கொழுப்பு அமிலங்கள், பெருங்குடல் உப்பையும் தண்ணீரையும் உறிஞ்சுகிற வேகத்தைக் கூட்டிவிட்டன. காலராக் கிருமி சிறுகுடலில் உட்கார்ந்து தண்ணீரை வெளியேற்ற, கீழ்த்தளத்தில் நம் பாக்டீரியா அதைத் திருப்பி வாங்கியது. குடல் பாக்டீரியாவைப் பற்றி யார் எவ்வளவு பெரிதாகப் பேசினாலும், எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த ஆய்வுதான். ஒரு கைப்பிடி மாவு, விலை சொற்பம்.

ஆனால் அது மக்காச்சோள மாவு, காலரா, மருத்துவமனைக் கட்டில். பழைய சோறு எட்டு மாத வயிற்றுப்போக்கைக் குணமாக்கும் என்று இதிலிருந்து குதிக்க முடியாது. பிடித்தால் சாப்பிடுங்கள். சோறு நன்றாக ஆறியதும் சுத்தமான தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையிலேயே முடித்துவிடுங்கள். சித்திரை வெயிலில் மத்தியானம் வரை வைத்தால் அதில் பாசிலஸ் சீரியஸ் என்ற வேறொருவர் குடியேறுவார், அவரது விஷம் மறுபடி சூடாக்கினாலும் போகாது. சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவது எனக்கும் பிடிக்கும், ஆனால் உங்கள் உப்புசத்துக்கு வெங்காயம் கொஞ்ச நாள் வேண்டாம். இனுலின் வகை நார் அதில்தான் நிறைய.

இட்லியும் புளித்த மாவுதானே, அதுவும் புரோபயாடிக்தானே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மாவில் பாக்டீரியா இருப்பது உண்மைதான், ஆனால் ஆவியில் வெந்ததும் எல்லாம் முடிந்தது. இட்லி நல்ல உணவு, சுலபமாகச் செரிக்கும், அவ்வளவே. உயிரோடு உள்ளே போக வேண்டுமானால் தயிரும் மோரும்தான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தயிர் போன்ற புளித்த உணவும், மறுபாதிக்கு நார் நிறைந்த உணவும் பத்து வாரம் கொடுத்துப் பார்த்து 2021-இல் எழுதினார்கள். குடலில் வகைகள் கூடியது புளித்த உணவு சாப்பிட்டவர்களுக்குத்தான். இதுவும் சின்ன ஆய்வுதான். ஆனால் மோர் விலைக்கு இந்த அளவு சான்று போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. லூஸ் மோஷன் இருக்கும்போது பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், நீர்மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

நார், கீரை, சிறுதானியம் எல்லாம் பாக்டீரியாவுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இப்போது வேண்டாம். குடலில் எங்காவது சுருக்கம் இருந்தால் நார் அடைத்துக்கொள்ளும். கேமரா டெஸ்ட் முடிந்து என்ன ஏது என்று தெரிந்த பிறகு மெல்லக் கூட்டலாம். அதுவரை குழைவான சோறு, பாசிப்பருப்பு, முட்டை, கேரட், வாழைப்பழம், மோர் போதும். வாரத்துக்கு ஒரு முறை எடை பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த 34 பக்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். காட்டினால் இருக்கிற பத்து நிமிடமும் அதிலேயே போய்விடும். ஹீமோகுளோபின் சீட்டு, எடை எழுதிய தாள், பழைய மருந்துச் சீட்டுகள், இவை போதும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஓடுவதை, கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மலத்தில் ரத்தம் போனால், மலம் கருப்பாகப் போனால், காய்ச்சல் வந்தால், வயிறு வலித்து வாந்தியும் சேர்ந்தால், அப்பாயின்ட்மென்ட் நாள் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ரத்தசோகைக்கு முகாமில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மலத்தைக் கருப்பாக்கிக் குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், கேமரா டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.